மறு: மலரின் மூன்றாம் அத்தியாயம் – தம்பலகாமத்தில் யார் யார் இருந்தோம்?

அன்பின் ஊரவர்களுக்கு,

திருகோணமலை மாவட்டத்தில் உள்ள நம் தம்பலகாமத்தைப் பற்றிய ஊர் மலருக்காக மலர்க் குழு அனுப்பிய வரைவை இரண்டு தரம் வாசித்தேன். ஆதிகோணேசர் கோயில் பற்றிய அத்தியாயம் நன்றாக வந்திருக்கிறது. வயலும் வாய்க்காலும் பற்றி எழுதிய தங்கச்சிக்கு என் வாழ்த்து. ஆனால் மூன்றாம் அத்தியாயம், ‘மக்களும் சமயமும்’, அரைப் பக்கத்தோடு முடிந்துவிட்டது. அதன் முதல் வசனம் இப்படி இருக்கிறது: “தம்பலகாமம் ஒரு தொன்மையான இந்துக் கிராமம்.” இந்த வசனத்தோடு மலர் அச்சுக்குப் போகவேண்டாம் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இதைச் சொல்ல எனக்கு ஒரு உரிமை உண்டு. 1981 மார்ச் 17 குடிசன மதிப்பீட்டுக்கு ஊரில் வீடு வீடாகப் போய் எண்ணியவர்களில் நானும் ஒருவன். அப்போது படிப்பிக்கத் தொடங்கிய புதிது. கச்சேரியில் (மாவட்ட அரச அலுவலகத்தில்) ஒரு நாள் பயிற்சி, ஒரு கட்டுப் படிவம், ஒரு பென்சில். முப்பத்தொரு வருடம் கழித்து 2012 மார்ச்சில் நடந்த மதிப்பீட்டுக்கும் அதே வட்டைகளுக்குள், அதாவது அதே வயற்பகுதிகளுக்குள், போனேன். இடையில் 1991 இல் நடக்கவேண்டிய மதிப்பீடு போரால் நடக்கவேயில்லை. 2001 இல் நடந்தது. ஆனால் நாட்டின் 25 மாவட்டங்களில் 18 இல்தான் முழுமையாக நடந்தது. விடுபட்டவற்றில் திருகோணமலையும் ஒன்று. ஆகவே எங்கள் மாவட்டத்தைப் பொறுத்தவரை 1981 இல் எண்ணியதற்கு அடுத்த முழுக் குடிசன மதிப்பீடு 2012 தான். ஊர் கலைந்ததும், எரிந்ததும், ஒரு பகுதி திரும்பி வந்ததும் இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில்தான் நடந்தது. அந்த முப்பத்தொரு வருடத்துக்குள் எங்கள் மாவட்டத்துக்கு முழு மதிப்பீடு எதுவும் கிடையாது. அதை நாங்கள்தான் எழுதவேண்டும்.

முதலில் ‘ஊர்’ எது என்று பேசுவோம். எங்களுக்கு ஒரே குடியிருப்பாக ஒரு ஊர் இருந்ததில்லை. நடுவில் வயல்வெளி, அதற்குள் தண்ணீர் ஏறாத மேட்டு நிலங்களில் திட்டுத் திட்டாகச் சனம். பட்டிமேடு, கள்ளிமேடு, சிப்பித்திடல், கோயில்குடியிருப்பு என்று மேடும் திடலுமாகப் பெயர்கள் இருப்பதன் காரணம் அதுதான். சிப்பித்திடல் என்று சொல்லும்போதெல்லாம் எனக்குத் தம்பலகாமக் குடாவின் கண்ணாடிச் சிப்பிதான் நினைவுக்கு வரும். தட்டையாக, வெளிச்சம் ஊடுருவுகிற மாதிரி இருக்கும். வெள்ளைக்காரன் காலத்தில் அந்தச் சிப்பியில் கிடைத்த சின்ன முத்துகளைக் குத்தகைக்கு விட்டு எடுத்தார்கள். முத்துகள் இந்தியாவுக்குப் போய் மருந்துக்கும், சுட்டு நீறாக்கி வெற்றிலைக்கும் பயன்பட்டன. சரி, அது வேறு கதை. சிப்பி பற்றி மலரில் ஒரு வரிகூட இல்லாதது என் மனக்குறை, அவ்வளவுதான்.

கண்டி வீதிக்கு வந்தால் ஊர்ப் பெயர்கள் கட்டைக் கணக்கில், அதாவது மைல்கல் கணக்கில், மாறிவிடும். 95ஆம் கட்டை, 96ஆம் கட்டை, அப்புறம் முள்ளிப்பொத்தானை. அங்கே இருப்பவர்கள் பெரும்பாலும் முஸ்லிம்கள். இந்தப் பக்கம் பாலம்போட்டாறு, பத்தினியம்மன் கோயில். சிங்களச் சனமும் பத்தினித் தெய்வத்தைக் கும்பிடுகிறவர்கள்தான். கண்ணகி எங்களுக்கு மட்டும் சொந்தமானவள் என்று சொல்ல முடியாத இடம் அது. புகையிரத நிலையப் பக்கத்தில் உத்தியோகத்துக்கு வந்து தங்கிய கத்தோலிக்கக் குடும்பங்கள் இருந்தன. கிறிஸ்மஸ் அன்று எங்கள் வீட்டுக்குப் பலகாரத் தட்டு வந்தது அந்தப் பக்கத்திலிருந்துதான். இன்று தம்பலகாமம் பிரதேச செயலகப் பிரிவை எடுத்தால் அதில் முஸ்லிம்களே அதிகம். தமிழரும் சிங்களவரும் அவர்களுக்கு அடுத்துத்தான். வரைவில் இவர்கள் யாருக்கும் ஒரு வசனம்கூட இல்லை.

குழுவில் இருக்கும் தம்பி ஒருவர் இதற்குப் பதிலாக, “மலர் எங்கள் தமிழ்க் கிராமத்தைப் பற்றியது, பிரதேச செயலகப் பிரிவைப் பற்றியது இல்லையே, ஐயா” என்று தனிமடலில் எழுதியிருந்தார். அவர் சொல்வது எனக்கு விளங்குகிறது. இழந்த ஊரைத் தூர இருந்து நினைக்கும்போது மனம் தன் வளவுக்குள்ளேயே நின்றுவிடும். ஆனால் தம்பி, எங்கள் வயலுக்கு வந்த தண்ணீர் கந்தளாய்க் குளத்துத் தண்ணீர். மேலே கந்தளாயில் சிங்களக் கமக்காரர், வழியில் முஸ்லிம் கமக்காரர், கடைசியில் நாங்கள். சிறுபோகத்துக்கு எந்தத் திகதி தண்ணீர் திறப்பது, எத்தனை ஏக்கர் விதைப்பது என்று கூட்டம் வைத்தால் மூன்று பகுதியும் ஒரே மண்டபத்தில் இருந்துதான் பேசியாக வேண்டும். தண்ணீர்ப் பங்கீடு பார்க்கும் வட்டவிதானையாரோடு எங்கள் அப்பு வாதாடியதையும், பக்கத்து வயல்காரரான ஹாஜியார் எழும்பி, “கடைசி வாய்க்காலுக்குத் தண்ணி போய்ச் சேராமல் இந்தத் திகதியை எழுத வேணாம்” என்று அப்புவுக்காகப் பேசியதையும் சின்ன வயதில் பக்கத்தில் இருந்து கேட்டிருக்கிறேன். 1986 ஏப்ரல் 20 விடியப்புறம் அதே குளக்கட்டு உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் செத்தபோது வெள்ளம் யார் என்ன சமயம் என்று கேட்டு வரவில்லை.

இனி மாவட்டக் கணக்கு. வரைவில் இது சரியாக இல்லை, தயவு செய்து திருத்துங்கள். இலங்கையில் முதல் குடிசன மதிப்பீடு 1871 இல். பத்து வருடம் கழித்து, 1881 இல், திருகோணமலை மாவட்டம் முழுவதிலும் சுமார் 22 ஆயிரம் பேர்தான். அதில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவாகத் தமிழர், நாலில் ஒரு பங்கு முஸ்லிம்கள், சிங்களவர் ஆயிரத்துக்கும் கீழே. நூறு வருடம் கழித்து நான் எண்ணப் போன 1981 இல் மாவட்டத்தின் தொகை இரண்டரை லட்சத்தைத் தாண்டியிருந்தது. தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள் மூன்று பகுதியும் ஏறத்தாழ மூன்றில் ஒன்று என்கிற அளவுக்கு வந்திருந்தார்கள். பிள்ளைப்பேற்றால் மட்டும் வந்த மாற்றம் இல்லை இது. கந்தளாய், அல்லை, முதலிக்குளம் என்று அரசு திறந்த குடியேற்றத் திட்டங்கள் இதற்குள் இருக்கின்றன. துறைமுகமும் கடற்படைத் தளமும் இழுத்து வந்த ஆட்களும் இருக்கிறார்கள். 2012 இல் மொத்தம் 3,79,541 பேர். முஸ்லிம்கள் நூற்றுக்கு நாற்பதை ஒட்டி, தமிழர் முப்பதை ஒட்டி, சிங்களவர் இருபத்தேழை ஒட்டி. எங்கள் பங்கு ஏன் குறைந்தது என்று இந்த மடற்குழுவில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. இதை வாசிக்கும் நீங்கள் இருக்கும் நகரங்களின் பெயர்களே அதற்கு விடை.

எண்களைப் போடும்போது ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். எங்கள் நாட்டுப் படிவத்தில் இனம் ஒரு கேள்வி, சமயம் வேறு கேள்வி. இனத்தில் சிங்களவர், இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர், இலங்கைச் சோனகர் (முஸ்லிம்களில் பெரும்பாலோர்) என்று வரும். சமயத்தில் பௌத்தம், இந்து, இஸ்லாம், ரோமன் கத்தோலிக்கம், ஏனைய கிறிஸ்தவம். ஆகவே ‘தமிழர்’ என்ற எண்ணை எடுத்து அப்படியே ‘இந்துக்கள்’ என்று போடக்கூடாது. வரைவில் அப்படித்தான் போட்டிருக்கிறார்கள். திருகோணமலையில் மரியன்னை பேராலயத்துக்கும் மெதடிஸ்த கோயிலுக்கும் போகிற தமிழர் எத்தனை ஆயிரம் பேர்! புனித சூசையப்பர் கல்லூரியிலும் மெதடிஸ்த பெண்கள் கல்லூரியிலும் படித்தவர்கள் இந்தக் குழுவிலேயே பாதிப் பேர் இருப்பீர்கள்.

சென்னையிலிருந்து எங்கள் மருமகப் பிள்ளை ஒருவர் போன மாதம் கேட்டிருந்தார்: “இந்தியாவில் எந்தச் சின்னக் கிராமத்தின் பெயரைத் தட்டினாலும் இணையத்தில் மக்கள்தொகை வருகிறது. நம் ஊருக்கு ஏன் அப்படி இல்லை, மாமா?” நல்ல கேள்வி. இந்திய மதிப்பீடு 2011 இல் ஒவ்வொரு கிராமத்துக்கும் வீடுகள், ஆண் பெண் தொகை, ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், எழுத்தறிந்தவர், வேலை செய்பவர் என்று அட்டவணை தந்திருக்கிறது. ஆனால் சமயக் கணக்கைத் தாலுகா, நகரம் என்கிற அளவோடு நிறுத்திக்கொள்கிறது. கிராமத்துக்குக் கிராமம் வெளியிடுவதில்லை. எங்கள் நாட்டில் 2012 கணக்கு கிராம சேவகர் பிரிவு என்ற மிகச் சிறிய நிர்வாக அலகு வரைக்கும் இனமும் சமயமும் பிரித்து வந்திருக்கிறது. ஆகவே மருமகன், எங்களிடம் உள்ளது குறைவு இல்லை. தேடுகிற இடம்தான் வேறு. ஊர்ப் பெயரில் தேடாமல் கிராம சேவகர் பிரிவின் பெயரில் தேடவேண்டும். ஒரு பிரிவுக்குள் மூன்று நான்கு திடல்கள் அடங்கிப் போயிருக்கும், அது மட்டும் சிக்கல்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. தமிழ்நாட்டில் 2011 இல் 7 கோடி 21 லட்சம் பேர். நூற்றுக்கு எண்பத்தேழுக்கு மேல் இந்துக்கள், கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் ஆளுக்கு ஆறு வீதத்தை ஒட்டி. அங்கே ஒரு முஸ்லிம் சமயத்தில் முஸ்லிம் என்றும், தாய்மொழியில் தமிழ் என்றும் பதிவாகிறார். இரண்டும் ஒன்றையொன்று வெட்டுவதில்லை. எங்கள் படிவம் தாய்மொழி கேட்பதில்லை. 1981 இல் 96ஆம் கட்டையில் ஒரு பெரியவர் என் படிவத்தை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “வாத்தியார், இனம் எழுதிட்டீங்க, மார்க்கம் எழுதிட்டீங்க. நாங்க பேசுறது தமிழ்தானே, அதை எங்க எழுதப் போறீங்க?” எழுதக் கட்டம் இருக்கவில்லை. நான் தலையை ஆட்டிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனேன். அந்தக் கேள்விக்கு இந்த மலரிலாவது ஒரு இடம் கொடுங்கள். மாவட்டத்தில் பத்துப் பேரில் ஏழு பேர் தமிழ் பேசுகிறவர்கள். அதில் பெரிய பகுதி பள்ளிவாசலுக்குப் போகிறவர்கள்.

அடுத்து இந்தியத் தமிழர், தோட்ட வேலைக்கு இந்தியாவிலிருந்து வந்தவர்களின் வழிவந்தவர்கள். 1911 மதிப்பீட்டிலிருந்து இலங்கைத் தமிழர் வேறு, இந்தியத் தமிழர் வேறு என்று பிரித்து எழுதுகிறார்கள். 1977 கலவரத்தில் மலையகத்திலிருந்து அடிபட்டு ஓடிவந்த குடும்பங்கள் திருகோணமலையிலும் வவுனியாவிலும் காடு வெட்டிக் குடியிருந்தது உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். எங்கள் வட்டையின் ஓரத்திலும் சில குடிசைகள். நான் அங்கே எண்ணப் போனபோது ஒரு அம்மா அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். பெயர், வயது எல்லாம் சொன்னார். இனம் என்று கேட்டதும் நின்றுவிட்டார். அவருடைய அண்ணனின் குடும்பத்தை 1964 இந்திய–இலங்கை ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்குக் கப்பல் ஏற்றிவிட்டார்களாம். “எதைப் போட்டா புள்ளைங்களுக்கு நல்லதுங்க? நீங்களே பாத்துப் போடுங்க சார்” என்றார். அவர் சொல்வதைத்தான் எழுதவேண்டும் என்று எனக்குப் பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். சொல்லப் பயந்தவருக்கு என்ன எழுதுவது என்று சொல்லியிருக்கவில்லை. கடைசியில் அவர் மெதுவாக “இந்தியத் தமிழர்னு போடுங்க, அதான உண்மை” என்றார். சமயம் கேட்டபோது மட்டும் தயங்கவேயில்லை. மாரியம்மன் பெயரைச் சொன்னார். நான் ‘இந்து’ என்று எழுதினேன். அவரும் எங்கள் ஊர் இந்துதான். ஆனால் கோயில் உரிமைகளிலோ திருவிழா உபயத்திலோ அவர்கள் வீட்டுக்கு இடம் இருக்கவில்லை. ‘தொன்மையான இந்துக் கிராமம்’ என்று எழுதும் கை அவரையும் சேர்த்துத்தான் எழுதுகிறதா?

தொன்மை பற்றியும் ஒன்று. 1620களில் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து அந்தக் கல்லாலேயே கோட்டை கட்டினார்கள். அப்போது காப்பாற்றப்பட்ட திருவுருவங்களே பின்னர் தம்பலகாமத்தில் குடிகொண்டன என்பது எங்கள் கோயில் மரபு. அந்த மரபை நம்புகிற எவரும் ஒன்றை ஒத்துக்கொள்ளவேண்டும்: எங்கள் ஊர்க் கடவுளே இடம்பெயர்ந்து வந்தவர். ஊர் அவரை ஏற்றுக்கொண்டது. பிறகு வந்தவர்களைப் பற்றி எழுதும்போதும் அதே மனத்தோடு எழுதுவோம்.

2012 க்கு வருகிறேன். இந்த முறை போனபோது பல வளவுகளில் கேணியும் தென்னையும் மட்டும் இருந்தன. 1985 இலும் 1990 இலும் சனம் எழும்பி ஓடியதில் திரும்பாதவர்களின் வளவுகள். மதிப்பீட்டின் விதி, அங்கே வசிப்பவரைத்தான் எழுதலாம். 1998 பெப்ரவரி 1 அன்று ஊரில் கொல்லப்பட்ட எட்டுப் பேரை எந்தப் படிவத்திலும் எழுத முடியாது. 1981 இல் அவர்களில் சிலரை நான் சின்னப் பிள்ளைகளாக எழுதியிருக்கக்கூடும் என்ற நினைப்பு எனக்கு அடிக்கடி வரும்.

ஓடியவர்களில் ஒரு பகுதி மன்னார்க் கரையிலிருந்து படகேறி இராமேஸ்வரத்துக்குப் போய், மண்டபம் முகாமில் பதிந்து, பிறகு கும்மிடிப்பூண்டி, கொட்டப்பட்டு, பவானிசாகர் என்று பிரிந்தது. 2006 இல் மறுபடி போர் தொடங்கியபோது அக்கரை சேர்ந்தவர்களிலும் திருகோணமலைச் சனமே அதிகம். இந்திய மதிப்பீடு குடியுரிமை பார்ப்பதில்லை. அந்த இடத்தில் வசிப்பவர் யாராக இருந்தாலும் எண்ணிக்கொள்ளும். அதாவது பட்டிமேட்டில் பிறந்த ஒரு தாய், முகாமில் பிறந்த அவளுடைய பிள்ளைகள், எல்லோரும் 2011 இல் ஏதோ ஒரு இந்தியக் கிராமத்தின் மக்கள்தொகையில், ‘இந்து’ என்ற முதலாம் குறியீட்டின் கீழ் எண்ணப்பட்டுவிட்டார்கள். தாய்மொழி தமிழ். அந்தக் கிராமத்தின் அட்டவணையைப் பார்க்கிறவருக்கு அந்த எண்ணுக்குள் தம்பலகாமம் இருப்பது தெரியாது. 2027 இல் இந்தியாவின் அடுத்த கணக்கு வருகிறது. அதற்குள் முகாமில் பிறந்த பிள்ளைகளுக்கும் பிள்ளைகள் பிறந்திருக்கும். டொரன்டோ, லண்டன், ஒஸ்லோ கணக்குகளிலும் இதே கதைதான், எழுத்து மட்டும் வேறு.

ஆகவே என் வேண்டுகோள் இது. மூன்றாம் அத்தியாயத்தின் முதல் வசனத்தை எடுத்துவிடுங்கள். அதற்குப் பதிலாகத் திடல் திடலாக யார் யார் இருந்தோம் என்று எழுதுவோம். கட்டை ஊர்களைப் பற்றி எழுத அங்கேயுள்ள ஒருவரையே கேட்போம். கிண்ணியாவில் படிப்பிக்கும் என் பழைய மாணவர் ஒருவர் எழுதித்தரச் சம்மதித்திருக்கிறார். நாங்கள் அவர்களைப் பற்றி எழுதுவதைவிட அது சரியாக இருக்கும். கத்தோலிக்கக் குடும்பங்கள் பற்றி, அவர்கள் வீட்டுப் பலகாரத்தை என்னைவிட அதிகம் சாப்பிட்ட என் அக்கா லண்டனிலிருந்து எழுதுவார்.

அப்புறம், நீங்கள் எல்லோரும் உங்கள் வீட்டுக் கணக்கை எனக்கு அனுப்புங்கள். 1981 இல் எந்தத் திடலில் இருந்தீர்கள், வீட்டில் எத்தனை பேர், இன்று யார் எங்கே, யார் இல்லை. சமயத்தை நீங்கள் எப்படிச் சொல்வீர்களோ அப்படியே எழுதுங்கள். சைவம் என்று சொல்கிறவர் சைவம் என்றும், கலியாணத்தால் சபைக்குப் போனவர் அப்படியே என்றும், ஒன்றும் இல்லை என்கிறவர் ஒன்றும் இல்லை என்றும். நான் இந்த முறை எதையும் கட்டத்துக்குள் திணிக்கப் போவதில்லை. பெயர்களை மலரில் போட விருப்பமில்லாதவர்கள் சொல்லுங்கள், போடமாட்டோம். முகாமில் இருப்பவர்களிடம் கேட்கும்போது கவனமாகக் கேளுங்கள். அவர்களுக்கு ஒவ்வொரு கணக்கும் ஒரு பயம்.

கடைசியாக ஒன்று. அந்த அடுப்படி அம்மாவின் குடும்பம் 1990 க்குப் பிறகு எங்கே போனது என்று எனக்குத் தெரியவில்லை. மூத்த மகன் கந்தளாய்ச் சந்தியில் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருந்தான், இடது காதில் கடுக்கன் போட்டிருப்பான். கும்மிடிப்பூண்டியில் பார்த்ததாக ஒருவர் சொன்னார், மலையகத்துக்கே திரும்பிவிட்டதாக இன்னொருவர் சொன்னார். யாருக்காவது தெரிந்தால் குழுவில் போடாமல் எனக்குத் தனியாக எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய கணக்கு வாத்தியார்,
பட்டிமேடு